அக்கா கேட்டது

என் அக்கா வென்டிலேட்டரிலிருந்து மீள வேண்டிய நேரத்தில் மீளவில்லை. அதில் நோய்க்கு ஒரு பங்கு உண்டு. எனக்கும் ஒரு பங்கு உண்டு. என் பங்கை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கு வந்தது கில்லன்-பாரே. முதலில் வயிற்றுப்போக்கு. அது நின்ற சில நாளில் பாதம் மரத்தது. நடக்கும்போது முழங்கால் மடங்கியது. பிறகு தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியை விட்டுவிட்டுத் தன் நரம்பின் மேலுறையையே தாக்கும் நோய் இது. 1916-ல் பிரெஞ்சு ராணுவ வீரர்கள் இருவரிடம் கண்டு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகளைத் தொட்டுவிட்டால் கருவிதான் சுவாசிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவளை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். இருபது வரை போனால் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அக்கா ஏழில் நின்றுவிட்டாள். அன்று ராத்திரியே வாய்வழியாகக் குழாய் இறக்கினார்கள்.

இந்த நோயில் கை கால் போகும். பேச்சு போகும். புத்தி போகாது, காது போகாது. டாக்டர் இதை முதல் நாளே சொன்னார். "அவங்களுக்கு எல்லாம் கேக்கும், பக்கத்துல நின்னு பேசுங்க" என்றார். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான் ராஜபாளையத்துக்காரன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் வைத்திருக்கிறேன். குடும்பத்தில் கையில் காசு புழங்குபவன் நான்தான். அத்தான் அதிகம் பேசாதவர். "நான் இருக்கேன், பார்த்துக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அன்றிலிருந்து கையெழுத்தும் என்னுடையது, முடிவும் என்னுடையது. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

இம்யூனோகுளோபுலின் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் ஏற்ற வேண்டும். அறுபது கிலோ உடம்புக்கு 120 கிராம். கடன் வாங்கிக் கட்டினேன். கட்டக் கட்ட மனசு சுருங்கியது.

இரண்டு வாரம் நெருங்கும்போது டாக்டர் ட்ரக்கியாஸ்டமி செய்யலாம் என்றார். கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றுவது. வாய் காலியாகும், மயக்க மருந்தைக் குறைக்கலாம், உதட்டசைவில் பேசுவாள் என்று விளக்கினார். நான் மறுத்தேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். உண்மைக் காரணம் வேறு. மருமகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணின் அம்மாவுக்குத் தொண்டையில் ஓட்டை என்று ஊர் பேசுமே என்று தாய்மாமன் கௌரவம் பார்த்தேன். அத்தானைக் கேட்கவில்லை. கண் இமைத்து ஆமாம், இல்லை சொல்லக்கூடிய அக்காவையும் கேட்கவில்லை.

பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. துளையை முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் உயிர்ச்சேதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றது. அதைக் காட்டி நான் தப்பிக்க முடியாது. அக்காவின் வாயை நான் அடைத்து வைத்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் அதைச் சொன்னேன். சாயங்காலப் பார்வை நேரம். அக்கா கண்மூடிக் கிடந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தானிடம் கேட்டேன்: "இப்படியே எத்தனை நாளைக்குக் கட்டுறது அத்தான்? மெஷினை எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருவோமா?" எங்கள் பக்கம் அப்படிக் கொண்டுபோவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அத்தான் பதில் சொல்லவில்லை. அவள் போர்வையை இழுத்துவிட்டார். நான் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. தறிகள் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான்.

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. டாக்டர் மறுபடி கேட்டபோது அத்தான் என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார். கழுத்துக் குழாயைச் சுற்றி, நடுவில் கத்தரித்த காஸ் துணியை நர்ஸ் செருகி வைத்தார். எங்கள் ஊர்த் தறியில் ஓடுகிற ரகம். அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு வென்டிலேட்டரை விடப் பழக்கும் கட்டம். கருவியே மூச்சு விட்டால் உதரவிதானம் சில நாளிலேயே மெலியத் தொடங்கிவிடும். அதனால் பகலில் சில நிமிடம் கழற்றி ஆக்சிஜன் மட்டும் கொடுத்துத் தானாக மூச்சுவிடச் செய்வார்கள். ராத்திரி மறுபடி மாட்டுவார்கள். அக்காவின் தசைக்குத் தெம்பு வந்திருந்தது. ஆனாலும் கழற்றிய உடனே நாடி பறக்கும், நெற்றி வியர்க்கும், கண் பிதுங்கும். உடனே மாட்டிவிடுவார்கள். மறுநாளும் அதே கதை. இருதயத்தைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள். காரணம் பிடிபடவில்லை.

ஒருநாள் மருமகள் வெளியே ஓடிவந்தாள். அம்மாவின் உதட்டைப் படித்துவிட்டாளாம். "மெஷினை எப்ப எடுப்பீங்கன்னு கேக்குது மாமா! வீட்டுக்கு வரத் துடிக்குது!" எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்தக் கேள்வியின் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் என்னிடம் நாள் கேட்கிறாள். நான் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

உள்ளே போய், "அக்கா, அப்படி எதுவும் செய்ய மாட்டோம்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் முதலில் சொன்னதை ஒப்புக்கொண்டதாகும். போகவில்லை. கழற்றும் நேரத்தில் உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று டாக்டர் கேட்டார். தறியில் பாவு ஏற்ற வேண்டும் என்று பொய் சொன்னேன்.

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது போதிய கருவிகள் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துப் பையை அமுக்கி, முகம் தெரியாத நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் கூடப்பிறந்தவன்.

கடைசியில் கண்டுபிடித்தது பிசியோதெரபி செய்ய வந்த சின்னப் பெண். "கழட்டினா செத்துருவோம்னு பயமா இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்திருக்கிறது. அந்தப் பெண் கருவியை அவள் பார்வையில் படும்படி திருப்பிவைத்து, "இங்கதான் இருக்கு. அஞ்சு நிமிஷம். நானும் எங்கயும் போகல" என்று சொல்லிக் கழற்றினாள். ஐந்து நிமிடம் அரைமணி ஆனது. அரைமணி பகல் முழுக்க ஆனது. பிறகு ராத்திரியும் தாண்டியது.

அந்தப் பயத்தில் வீணான வாரங்கள் என் கணக்கில் சேரும். அந்த வாரங்களில்தான் அவளுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. அத்தான் இருந்த ஒரே நிலத்தை விற்றார். மருமகள் பரீட்சை எழுதவில்லை.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறாள். வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். ஆடிப்பூரத் தேரன்று வீட்டில் எல்லோரும் ரதவீதிக்குப் போயிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு தம்பி. கழட்டுறப்பல்லாம் இன்னைக்குத்தான்னு நினைப்பேன்." மருந்து மயக்கத்தில் ஏதோ கேட்டிருக்கும் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "ஆமாக்கா, சொன்னேன்" என்றேன். அன்று ராத்திரி மருமகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா என்னை மன்னித்துவிட்டாள். மருமகள் என்னோடு பேசுவதில்லை. மருமகள் பக்கம்தான் நியாயம்.