எட்டயபுரத்து வீடு

புதூரிலிருந்து நாகலாபுரத்தைத் தாண்டி எட்டயபுரத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு வழி நெடுகத் துணை வருவது கரிசல் பூமி ஒன்றுதான். வாய்க்கால் பாசனம் என்பதைக் கண்டறியாத மானாவாரிக் காடு அது. ஐப்பசி மழை பொய்க்காதிருந்தால் கம்பும் உளுந்தும் மல்லியும் மிளகாயும் விளையும். பொய்த்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இப்போதெல்லாம் மக்காச்சோளத்தைத்தான் அதிகமாகக் காண்கிறோம். ஆயினும் இந்தச் சீமையைச் சீமைக்காரர்கள் தேடி வந்தது சோளத்துக்காக அல்ல, பருத்திக்காக. திருநெல்வேலிப் பருத்தி என்றால் லண்டன் வியாபாரிகளுக்குத் தனிச் சரக்கு. அமெரிக்காவில் 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டு அந்நாட்டுப் பஞ்சு வருவது நின்றபோது, நமது நாட்டுப் பஞ்சுக்கு ஏற்பட்ட கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கோவில்பட்டி வழியாகப் பொதிகள் துறைமுகத்துக்கு ஓடின.

எட்டயபுரத்தில் நாம் காணப் போகும் வீட்டின் கதைக்கும் இந்தப் பஞ்சுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

1882-ம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ந் தேதி சுப்பிரமணிய பாரதியார் பிறந்த வீடு அது. அரண்மனையைப் போன்ற மாளிகை என்று எண்ணிச் செல்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். தெருவில் மற்ற வீடுகளோடு வீடாக நிற்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் அதை நினைவில்லமாக ஆக்கிக் காத்து வருகிறார்கள். சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பாரதியாரின் அசல் புகைப்படங்கள் நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்து என்பார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் தொங்கும் அந்த முண்டாசு முகம் முழுவதும் அந்தச் சில படங்களிலிருந்து பிறந்தது என்பதை எண்ணும்போது சற்றே திகைப்பாக இருக்கிறது.

ஆனால் இந்த வீட்டில் நாம் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தது மகனையல்ல, தகப்பனாரை.

சின்னச்சாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். கணிதத்தில் வல்லவர், இயந்திர நுட்பங்களில் அபார மோகம் உள்ளவர். மகனும் தம்மைப் போலக் கணக்கிலும் யந்திரத்திலும் தேற வேண்டும் என்பதே அவருடைய ஆசை. சுற்றிலும் விளைகிற பருத்தியைக் கண்டார். அதன் கொட்டையை நீக்கிப் பஞ்சைப் பிரிக்கும் வேலையை நமது ஊரிலேயே, நமது கையாலேயே செய்தால் என்ன என்று எண்ணினார். இயந்திரங்களை வரவழைத்து எட்டயபுரத்திலேயே ஆலை ஒன்றை நிறுவினார். சுதேசியம் என்ற சொல்லே ஜனங்களின் நாவில் ஏறாத காலம்! பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்களின் நூல் ஆலைகள் எழும்பியதும் அந்த நாட்களில்தான். வெள்ளை வியாபாரிகளின் பலத்துக்கும் போட்டிக்கும் முன்னால் ஐயருடைய ஆலை நிற்க முடியவில்லை. போட்ட முதல் எல்லாம் போயிற்று. மனமுடைந்த ஐயர் 1898-ல் காலமானார். தாயாரை ஐந்தாவது வயதிலேயே இழந்திருந்த சுப்பிரமணியத்துக்கு அப்போது வயது பதினைந்து. ஆனால் முந்திய வருஷமே செல்லம்மாளுடன் விவாகம் ஆகியிருந்தது. காசியில் இருந்த அத்தையின் வீடே பிறகு அவருக்குப் புகலிடம் ஆயிற்று.

தகப்பனார் பொருளை இழந்து நொந்ததைப் பாரதியார் மறக்கவேயில்லை. 1910-ல் வெளியான தமது செய்யுள் சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். எட்டயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோதும், 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளருக்காக நின்றபோதும், பாரதியார் அவ்வளவு ஆவேசத்தோடு அவர் பக்கம் சேர்ந்ததற்கு இந்த வீட்டில் நேர்ந்த நஷ்டமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். அந்நியன் நமது தொழிலை எப்படி அழிக்கிறான் என்பதை அவர் புஸ்தகத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

சமஸ்தானத்தின் கதை வேறு. பதினோராவது வயதில் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்தது அங்கேதான். புதுவையிலிருந்து திரும்பிய பின், 1919-ல், வறுமையில் வாடிய கவி அதே ஜமீனுக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டார். பலன் கிட்டவில்லை. இரண்டு வருஷத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் ஆயுள் முடிந்தது.

ஜமீன் செய்யாததை ஜனங்கள் செய்தார்கள். 'கல்கி' ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தி விடுத்த வேண்டுகோளுக்குச் செவி சாய்த்து, பத்திரிகை படிக்கும் குடும்பங்கள் தங்களால் இயன்றதை அனுப்பின. 1945-ல் ராஜாஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டாவது மாதம், மணிமண்டபத்தைத் திறந்து வைத்தவரும் அவரே. பிறந்த வீட்டைப் பார்த்த காலோடு இதையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மண்டபம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மனம் என்னவோ வீட்டையே சுற்றுகிறது. மண்டபத்தை எந்த ஊரிலும் கட்டிவிடலாம் அல்லவா?

2025 மார்ச் மாதத்தில் இவ்வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்த செய்தி வந்தபோது தமிழ்நாடு முழுவதும் கலங்கியது. பழைய வீடு, மழை, வெயில், கரையான் மூன்றும் அதற்குச் சத்துருக்கள். விழுந்த பிறகு செலவிடுவதைவிட, வருஷந்தோறும் ஒழுக்கு அடைத்து, உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பது சிக்கனமான காரியம் என்பது நமது பாட்டிமார்களுக்கெல்லாம் தெரியும். சர்க்கார் இலாகாக்களும் இதை அறியாதவை அல்ல.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. கவியின் படங்களுக்கு நடுவே, ஏதாவது ஒரு மூலையில், பருத்தி அரைக்கும் பழைய கை ராட்டினம் ஒன்றும், புதூர்க் காட்டில் விளைந்த பருத்தி ஒரு கூடையும் வைக்க வேண்டும். பக்கத்தில் சின்னச்சாமி ஐயர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.