கருவறை முதல் கைத்தடி வரை

நோயுற்றபின் மருந்து தேடுவதையே நலவாழ்வெனக் கருதிப் பழகிவிட்டோம். ஆயின், அறுபதாம் அகவையில் தலைகாட்டும் நோயின் வித்து, சில வேளை தாயின் கருவறையிலேயே விழுந்திருக்கக்கூடும் என்கின்றது மருத்துவ அறிவியல். மனித வாழ்வைத் துண்டு துண்டாக நோக்காது, கரு முதல் முதுமை வரை ஒரே தொடராக நோக்கும் இப்பார்வை நாம் அனைவரும் அறியத்தக்கது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் 1930 வரை பிறந்த குழந்தைகளின் எடையைச் செவிலியர் ஏடுகளில் குறித்து வைத்தனர். அவ்வேடுகளை ஆராய்ந்த டேவிட் பார்க்கர், குழந்தைப் பருவத்தில் எடை குறைந்திருந்த ஆண்களே பின்னாளில் இதயநோயால் மிகுதியாக இறந்தனர் என 1989இல் வெளியிட்டார். நம் நாட்டில், புணேயை அடுத்த சிற்றூர்களில் 1993 முதல் மருத்துவர் யாக்னிக் குழுவினர் ஆராய்ந்தனர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோவே. தசை மெலிந்திருந்தும் உடற்கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. உணவு குறைந்த கரு, மூளையைக் காக்கும்பொருட்டுப் பிற உறுப்புகளின் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கின்றது. பின்னர் உணவு பெருகும்போது அவ்வுடல் சர்க்கரையைத் தாங்கமாட்டாது தளர்கின்றது என்பர்.

எம் ஊராகிய உடன்குடி கருப்பட்டிக்குப் பேர்பெற்றது. சர்க்கரைநோய் கண்டதும் எம் வாப்பா முதலில் துறந்தது கருப்பட்டிக் காப்பியைத்தான். நாற்பதைக் கடந்ததும் நாமும் அந்நோய்க்கு ஆளானோம். எம்மைச் சுமந்த நாளிலும் உம்மா, அனைவரும் உண்டு எஞ்சியதையே உண்டார்கள் எனப் பெரியும்மா கூறக் கேட்டுள்ளோம். அதனால்தான் இந்நோய் வந்தது என எவரும் அறுதியிட இயலாது. உணவுமுறையும் உடலுழைப்பின்மையும் பரம்பரையும் சேர்ந்தே நோயை விளைவிக்கின்றன. ஆயினும், இன்று காலை உணவின்றி வகுப்பறையில் வாடியிருக்கும் மாணவியரைக் காணும்போது, இவர்களின் பிள்ளைகளை எண்ணி நெஞ்சம் நடுங்குகின்றது.

அரசு ஆவன செய்யாமலில்லை. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்கு உதவும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987இல் வந்தது. தொடக்கப்பள்ளிக் காலைச் சிற்றுண்டி 2022இல் வந்தது. எனினும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். பள்ளிப் படிப்புக்கும் தாய்மைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பெண்ணின் தட்டை நோக்க வேண்டியோர் இல்லத்தாரே.

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊட்டினர் நம் முன்னோர். அப்பேணுதல் சில நாள்களோடு முடிந்துவிடுவதுதான் குறை. முருங்கைக்கீரையும் முட்டையும் மீனும் பயறும் அவள் தட்டில் நாள்தோறும் இடம்பெற வேண்டும். மகளுக்கு மணம் பேசுமுன், அவள் குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையாதிருக்கின்றதா எனப் பெற்றோர் சோதித்தறிதல் நன்று. நகைக்குச் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறிது.

ஊர்ப் பெரியோரும் மாணவச் செல்வங்களும், வீட்டுப் பெண்கள் கடைசியில் உண்ணும் வழக்கத்தைத் தத்தம் இல்லத்தில் இன்றே மாற்றுவார்களாக. பிறவாத பேரப்பிள்ளைகளுக்கு நாம் சேர்த்துவைக்கும் செல்வம் அதுவேயாகும்.