சோழவரத்து ராஜ்தூத்

பந்தயத்தில் ஓடிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைப் புத்தம் புதுசாக ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வண்டியை விடாதீர்கள். ஷோரூமிலிருந்து வந்த அன்று அது பந்தய வண்டியே இல்லை. யாரோ ஒருவர் அரத்தை எடுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்துதான் அதைப் பந்தய வண்டி ஆக்கியிருப்பார். அவர் என்ன நினைத்து எதைச் செய்தார் என்று கண்டுபிடித்து, அதைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

இப்போது என் பட்டறையில் நிற்பது ராஜ்தூத் 350. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய நாட்களில் ஓடியது. யமஹா ஆர்டி350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தபோது, ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த 347 சிசி எஞ்சினை 30.5-க்கு அடக்கித்தான் விற்றார்கள். அடுத்து வந்த மாடலில் அதுவும் சுமார் 27 ஆனது. எல்லாம் மைலேஜுக்காக. ஆனால் உள்ளே இருந்தது 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், யமஹாவின் டிஇசட்350 பந்தய வண்டிக்கும் அதே அளவுதான். அடக்கி வைத்ததை அவிழ்த்துவிடத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடைத்திருக்காது.

சிலிண்டரைக் கழற்றியதும் நான் முதலில் செய்வது, உள்ளே ஒரு தாளை ஒட்டவைத்துப் பென்சிலால் தேய்ப்பது. போர்ட்டுகளின் ஓரம் அப்படியே தாளில் விழும். இந்த வண்டியின் எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்தியிருக்கிறார்கள், பக்கவாட்டிலும் நன்றாக அகலப்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு அகலமான திறப்பில் பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கும். திரும்பி மேலே போகும்போது ஓரத்தில் மாட்டி உடையும். அது தெரிந்துதான் மேல் ஓரத்தை நேர்க்கோடாக விடாமல் வில்லாக வளைத்து, விளிம்பின் கூர்மையையும் மழுக்கியிருக்கிறார் அந்த மனிதர். வளைவு இருந்தால் ரிங் நடுவில் தொடங்காமல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே அடங்கும். இரண்டு சிலிண்டர் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் பிசிறில்லாமல் பொருந்தின. கை அரத்தில் செய்த வேலை! அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தாள்களை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். லேத்தில் போர் போட்டு அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட பிறகு, அந்த மழுக்கல் போய்விடும். தாளைப் பார்த்து அதை மறுபடி செய்தாக வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் போவது கிராங்க் கேஸுக்குள். அது சிலிண்டரைப் போலவே காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இடதுபக்கம் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் காய்ந்து வெடித்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கலவை இளைக்கும், சூடு ஏறும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். வலதுபக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். அதனால் இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்துவிட்டு, பம்பால் சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவித் தேட வேண்டியதுதான். இந்தச் சோதனை செய்யாமல் வண்டியைக் கிளப்புகிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

எக்ஸாஸ்ட் குழாயாக இருக்கும் சேம்பரைத் தகடு வெட்டி, கூம்பு கூம்பாகச் சுருட்டிப் பற்றவைத்திருக்கிறார்கள். வெளியே ஓடிப்போகும் புதுக் கலவையை, பின்கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலையைக் கொண்டே சிலிண்டருக்குள் தள்ளிவிடும் வித்தை இது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன் இதைப் பக்குவப்படுத்தினார். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே வருடம் அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, சுஸுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. அந்த வித்தை சோழவரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சேம்பரில் விழுந்திருந்த நெளிவுகளை, காற்றழுத்தம் கொடுத்துக்கொண்டே கேஸ் தீயில் பழுக்கக் காட்டி எடுத்தேன். பழைய வெல்டிங் தழும்புகளைத் தேய்க்கவில்லை. தேய்க்கவும் மாட்டேன்.

ஆயில் பம்பை எடுத்துவிட்டதால் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். பழைய ஆட்கள் விளக்கெண்ணெய் வகை ஆயிலைத்தான் நம்பினார்கள். வாசனை அருமை, ஆனால் ரிங் பள்ளத்தில் பிசினாகப் படிந்துவிடும். நான் இன்றைய சிந்தெட்டிக் ஆயில்தான் ஊற்றுகிறேன். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் பழைய மெயின் ஜெட் போதாது. ஒரு படி பெரிய ஜெட்டில் தொடங்குவதே பாதுகாப்பு.

இக்னிஷன் பாயிண்டை, பிஸ்டன் உச்சிக்கு வர 2 மி.மீ. இருக்கும்போது திறக்கும்படி டயல் கேஜ் வைத்து, இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று முந்தினால் அந்தப் பக்கத்து பிஸ்டன் போகும்.

இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. இரண்டாவது கியரில் போட்டு, பின்னால் இழுத்துக் கம்பரெஷனில் நிறுத்தி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். இடுப்பு சீட்டில் விழும் நொடியில் கிளட்சை விட வேண்டும். பிடித்ததும் முறுக்கத்தான் கை போகும். கூடாது. அலுமினிய பிஸ்டன் சீக்கிரம் விரியும், இரும்பு லைனர் மெதுவாகத்தான் விரியும். அந்த இடைவெளியில்தான் சீஸ் ஆகும். விட்டு விட்டு லேசாகக் கொடுத்து, கையை வைக்க முடியாத அளவுக்கு ஃபின் சுட்டதும் அணைத்துவிடுவேன். முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் ஜெட் இன்னும் பெரிதாக வேண்டும்.

கண்காட்சிக்குக் கொண்டுவந்து நின்ற இடத்திலேயே முறுக்கிக் காட்டச் சொல்கிறார்கள். முடியாது என்றுதான் சொல்கிறேன். காற்று பட்டுக் குளிரும் எஞ்சின், ஓடினால்தான் அதற்குக் காற்று. ஓட்ட இடம் இருந்தால் கூப்பிடுங்கள், வண்டியோடு வருகிறேன்.