உத்திரத்துக்குள் ஒரு நாகஸ்வரம்

பட்டறை வாசலில் கிடந்த மரக்கட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார் ஆசாரி. இரண்டரை அடி நீளம் இருக்கும். ஒரு கையால் முடியவில்லை. ஒரு முனையில் ஆணி இறங்கிய துளை, அதைச் சுற்றித் துருக்கறை. பக்கவாட்டில் பழைய சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வீட்டின் கூரையைத் தாங்கி நின்ற உத்திரம் அது.

"நூறு வருஷத்துக்கு மேல இருக்கும் ஐயா. பொளவு இல்லாம இருந்தா இதுல நாலு நாயனம் எடுக்கலாம்" என்றார்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் வாசிப்பவர்கள் எங்கிருந்தாலும் இந்த ஊரை அறிவார்கள். இங்கே செய்யப்படும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு அதற்குப் பல வருடங்கள் முன்பே கிடைத்துவிட்டது. வீணைக்குப் பலா மரம் வேண்டும். பலா நம் கொல்லைகளில் இன்னும் வளர்கிறது. நாகஸ்வரத்துக்கு வேண்டியது ஆச்சா. அதிலும் பழைய ஆச்சா. நான் பார்க்கப் போனது கைத்திறனை. ஆனால் பட்டறையில் உட்கார்ந்த நேரம் முழுக்கப் பேச்சு மரத்தைப் பற்றியே சுற்றிச் சுற்றி வந்தது.

ஆச்சா வறண்ட காட்டு மரம். மெதுவாக வளரும். இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. வைரம் பாய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். புதிதாக வெட்டிய மரத்தில் ஈரம் இருக்கும். அதைக் கடைந்து குழலாக்கினால் காயக் காய முறுக்கும், வெடிக்கும். நாகஸ்வரத்துக்குள் வாசிப்பவரின் மூச்சு மணிக்கணக்கில் சூடாகவும் ஈரமாகவும் போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே மார்கழிப் பனி, சித்திரை வெயில், கோயில் திருவிழாவின் தீவட்டிப் புகை. இத்தனையையும் தாங்க வேண்டும் என்றால் மரம் தன் அசைவையெல்லாம் முன்பே முடித்துவிட்டிருக்க வேண்டும். அதனால்தான் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆசாரிகள் அங்கே போய் நிற்கிறார்கள். உத்திரம், தூண், நிலைச்சட்டம் எதில் ஆச்சா இருந்தாலும் விலை பேசுகிறார்கள்.

உள்ளே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். கட்டையைச் சட்டமாக அறுத்து, மூலை தட்டி உருட்டுவது முதல் வேலை. பிறகு கடைசல். முன்பெல்லாம் ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பாராம். இப்போது மோட்டார் வந்துவிட்டது. வெளிப்பக்கம் மெருகேறுவது கண்ணுக்கு அழகாக இருந்தாலும், வாத்தியத்தின் உயிர் உள்ளே இருக்கிறது. உலவு என்று சொல்லப்படும் அந்தக் குழலின் துளை மேலே மெல்லியதாகத் தொடங்கிக் கீழே வர வர விரிய வேண்டும். நீண்ட துளைக்கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக, மெல்லியதிலிருந்து பருத்தது வரை இறக்குகிறார்கள். உள்ளே ஒரு சிறு மேடு நின்றுவிட்டாலும் ஏதாவது ஒரு ஸ்வரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆசாரி குழலை வெளிச்சத்தை நோக்கி ஒரு கண்ணால் பார்த்தார், பிறகு விரலால் சுண்டினார். அந்த "டக்" சத்தத்தில் அவருக்கு எது தெரிந்ததோ, மறுபடி கருவியை எடுத்து இறக்கினார்.

துளைகளின் இடத்தை அவர் குறித்த விதம் என் மனதில் நிற்கிறது. எழுத்தில் எந்த அளவும் இல்லை. சுவரில் சொருகியிருந்த ஒரு மூங்கில் குச்சியை உருவினார். வழவழவென்று கறுத்துப்போன குச்சி. அதில் கத்தியால் கீறிய கோடுகள். அதைக் குழலின் மேல் வைத்துக் கோடு கோடாகப் புள்ளியிட்டார். விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளைகள். வித்வான்கள் இந்த ஐந்தில் சிலவற்றை மெழுகால் கொஞ்சம் அடைத்துத் தங்களுக்கு வேண்டியபடி சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். குச்சி அவருடைய அப்பாவினுடையது. அதற்கு நகல் இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்கு ஐயா? இது இருக்குல்ல" என்றார்.

எனக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் ஏற்பட்டது. ஒரு வாத்தியத்தின் இலக்கணம் முழுவதும் சுவரில் சொருகிய குச்சியில் இருக்கிறது. இசைக்கருவிகளை ஆராய்வது நமக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்குப் பி. சாம்பமூர்த்தி விவரமான அட்டவணை எழுதினார். மிருதங்கத்தில் கரணை என்ற கரும்பூச்சு செய்யும் வேலை என்ன என்பதைச் சி.வி. ராமன் 1920இலேயே ஆராய்ந்து வெளியிட்டார். அந்த அக்கறை பட்டறைக்குள்ளும் வர வேண்டும். பெரிய வித்வான்கள் வாசித்த பழைய நாகஸ்வரங்கள் இன்னும் குடும்பங்களில் இருக்கின்றன. அவற்றின் உள்துளை அளவுகளை, மரத்தின் அடர்த்தியை, துளைகளின் இடைவெளியை யாராவது உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நாகஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளி இருக்காது. ஊதாத வாத்தியம் தன்னைப் பற்றிப் பாதியைத்தான் சொல்லும்.

இந்த ஊரின் பெருமையே ஓர் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. பழைய நாகஸ்வரம் திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டுமே. பக்கத்து ஊரான திருவாவடுதுறையில் வாழ்ந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது போதவில்லை. கச்சேரி மேடைக்கு ஏற்ற, சுருதி இறங்கிய வாத்தியம் வேண்டும் என்று கேட்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பலவிதமாகச் செய்து பார்த்து, 1950களின் நடுவில் நீளமான பாரி நாகஸ்வரத்தை உருவாக்கிக் கொடுத்தார். திமிரியில் சுத்த மத்யமம் சரியாக நிற்காத குறை அதில் தீர்ந்தது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளை 1956 டிசம்பரில் மறைந்துவிட்டார். இன்று நாம் கேட்கும் நாகஸ்வரம் பெரும்பாலும் பாரிதான். வாசிப்பவரும் செய்பவரும் நடந்தே போய்ப் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் இருந்ததால் நடந்த காரியம் இது. ஒரு வித்வான் குறை சொல்ல, ஓர் ஆசாரி அதைக் காதில் வாங்கி மரத்தில் திருத்த, மறுபடி வித்வான் ஊதிப் பார்க்க, அப்படித்தான் வாத்தியம் வளர்ந்திருக்கிறது.

திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறார்கள். அங்கேயும் போனேன். ஆற்றங்கரை நாணல் தட்டையை வெட்டி, காயவைத்து, பக்குவப்படுத்தி, சீவி, நூலால் கட்டுகிற வேலை. வெயிலில் ஒரு முறத்தில் சிறு சிறு தட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வேலை செய்தவர் ஒரு தட்டையை நகத்தால் அழுத்தி, அது எவ்வளவு எழும்பி வருகிறது என்று பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். "இது வாயில நிக்கும், இது நிக்காது" என்றார். அவ்வளவுதான் விளக்கம். நல்ல நாணல் முன்போலக் கிடைப்பதில்லை என்பது அவருடைய மனக்குறை.

ஆக, உலவுக்கு ஆச்சா, கீழே பூப்போல விரியும் அணசுக்கு வாகை, மேலே கெண்டைக்கு உலோகம், அதில் சொருகும் சீவாளிக்கு நாணல். காடு, ஆறு, பட்டறை எல்லாம் சேர்ந்துதான் ஒரு வாத்தியம். இதில் ஏதாவது ஒன்று அறுந்தாலும் மற்றவை சும்மா கிடக்கும். நாகஸ்வரத்தின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் கேட்போரைப் பற்றியே பேசுகிறோம். அதுவும் நியாயம்தான். கோயில்களில் மின்சார மேளம் தானாக அடித்துக்கொள்கிறது, கல்யாண ஊர்வலத்தில் செண்டை மேளம் வந்துவிட்டது. ஆனால் நாளைக்கே ஆயிரம் பிள்ளைகள் நாகஸ்வரம் கற்க வந்தால் அவர்கள் கையில் கொடுக்க மரம் எங்கே?

யோசித்தால் இதிலுள்ள ஆபத்து எளிமையானது. இன்றைய நாகஸ்வரம் நூறு வருடத்துக்கு முந்தைய வீடுகளிலிருந்து வருகிறது. அந்த வீடுகள் இடிந்து தீர்ந்துகொண்டிருக்கின்றன. இப்போது நாம் கட்டும் வீடுகளில் கம்பியும் சிமெண்டும்தான் இருக்கின்றன. அப்படியென்றால் இன்னும் இரண்டு தலைமுறை கழித்து ஓர் ஆசாரி எந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்?

இந்தக் கேள்வியை வேறு ஊர்க்காரர்கள் முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். கிளாரினெட் செய்ய உதவும் ஆப்பிரிக்கக் கருமரம் குறைந்தபோது, தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் செபாஸ்டியன் சூவா என்ற தாவரவியலாளர் உள்ளூர்ப் பிள்ளைகளையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு அந்த மரத்தை நட்டு வளர்த்தார். வயலின் வில்லுக்குப் பயன்படும் பிரேசில் மரம் 2007இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வில் செய்யும் கலைஞர்கள் அதற்கு முன்பே ஒன்றுகூடி மரம் நடத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் ஆயுளில் அறுவடை செய்ய முடியாது என்று தெரிந்தே நட்டார்கள்.

நாமும் செய்யலாம். ஆச்சாவை நடலாம். அது வளர்ந்து வைரம் பாய்வதற்குள், விழுந்த மரங்களை முறையாக அறுத்து, ஆசாரிகளுக்காகவே நிழலில் அடுக்கி, வெட்டிய ஆண்டைப் பொறித்து வைக்க ஒரு மரக்கிடங்கு வேண்டும். இன்று அடுக்குவது எழுபது, எண்பது வருடம் கழித்து உலவாகும். குறியீட்டுச் சான்றிதழை விட இந்தக் கிடங்கு அவசரமான வேலை என்று நான் நம்புகிறேன்.

கிளம்பும்போது ஆசாரி என் சொந்த ஊரைக் கேட்டார். சொன்னதும், "அங்க பழைய வீடு ஏதாச்சும் பிரிக்கிறாங்களா? மரக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க ஐயா, நானே வந்து பாக்குறேன்" என்றார். எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டுக்கொண்டேன். ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, சில இடங்களில் ஊதா ரேகை ஓடும். ஒரு சில்லை உடைத்துத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். டெல்டாப் பக்கம் பாட்டன் வீட்டை இடிக்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உத்திரத்தை விறகுக்கோ மரக்கடைக்கோ எடைபோட்டுக் கொடுப்பதற்கு முன் அந்தச் சில்லை உடைத்துப் பாருங்கள். மூழ்கினால் நரசிங்கம்பேட்டைக்குச் சொல்லி அனுப்புங்கள்.