உனக்கென்று எடுத்து வைத்தது

புத்தகப் பிரியர்களை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நிறையத் தெரிந்தவர்கள் என்பதால் இருக்காது. நிறையத் தெரிந்த சிலரோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சாதுவானவர்கள் என்றும் சொல்ல முடியாது. நல்ல வாசகர்களில் முன்கோபக்காரர்கள் உண்டு, பேசவே பேசாதவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. ஒரு புத்தகத்துக்குள் ஆழ்ந்திருக்கும்போதே அவர்களுக்கு யாராவது ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்துவிடும். 'அடடா, இதை அவள் படிக்கணுமே' என்று தோன்றிவிடும். அதற்குப் பிறகு அவர்களால் சும்மா இருக்க முடியாது.

என் பெரியம்மா அந்த ரகம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வீட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவருடைய சொத்து: பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையை வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, நடுவிலிருக்கும் பின்னைக் கத்தி நுனியால் நிமிர்த்தி, கதை வந்த தாள்களை மட்டும் கழற்றி, பழைய தலையணை உறை ஒன்றுக்குள் போட்டு வைப்பார். கதை முடிகிறவரை அந்த உறை நிறைந்துகொண்டே போகும். 'பொன்னியின் செல்வன்' கல்கியில் முதன்முதலாக வந்தது 1950 அக்டோபரில், முடிந்தது 1954-இல். அத்தனை காலமும் ஒரு வாரம் விடாமல் சேர்த்தவர்களுக்குத்தான் அது முழுக்கதையாகக் கையில் நின்றது. பெரியம்மாவுக்கு ஒரு வாரத்து இதழ் தவறிப்போய்விட்டது. தெருவில் ஒரு வீட்டில் இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தைக் கோடு போட்ட தாளில் தன் கையாலேயே எழுதி உரிய இடத்தில் சேர்த்திருந்தார். பைண்டரும் அதை அப்படியே தைத்துக் கொடுத்துவிட்டார். மணியம் வரைந்த படங்கள், தாளின் மறுபக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு துணுக்கு, இவற்றுக்கு நடுவே பெரியம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு அத்தியாயம். அச்சில் வந்த எந்தப் பதிப்பையும்விட எனக்கு அது உசத்தி.

அந்த அலமாரியிலிருந்து யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வதில்தான் பெரியம்மாவின் முழுத் திறமையும் இருந்தது. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், ஊரில் யாரையும் தெரியாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தவள். அவளுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு கதை போயிற்று. அப்பாவைப் பறிகொடுத்த ஓர் அக்கா ஒரு குறிப்பிட்ட கதையைக் கேட்டபோது, "அது இப்ப வேண்டாம்மா, தை பொறக்கட்டும், நானே தரேன்" என்று சொல்லி வேறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். எனக்குப் பொன்னியின் செல்வனில் முதல் பாகம் மட்டும் கிடைத்தது. "முடிச்சுட்டு வந்து எனக்குக் கதையைச் சொல்லு. ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சதுமே பூங்குழலி வருவா. அவளைச் சும்மா பாத்துட முடியாது, அதுக்கு முன்னாடி இதையெல்லாம் படிச்சிருக்கணும்." அவருக்கு வரிக்கு வரி தெரிந்த கதை அது. ஆனாலும் அடுப்படியில் வேலையாக இருந்தபடியே தினமும் கேட்பார்: "எங்கடா வந்திருக்கே?" நான் சொல்லும் இடத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்கிற விதத்தைப் பார்ப்பதற்காகவே வேகமாகப் படித்தேன். தான் ஒருமுறை நடந்த வழியில் இன்னொருவர் இப்போதுதான் நடந்து வருகிறார் என்பதில் அப்படி ஒரு சந்தோஷம் மனிதருக்கு இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அவரிடம்தான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரிடம் போய்ச் சேர வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. உலகம் முழுக்க நூலகர்கள் பாடமாகப் படிக்கிற விதிகள். பெரியம்மா ரங்கநாதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. விதி அவர் கையில் இருந்தது.

தமிழில் இப்படி ஒரு கை நீட்டப்பட்டதால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1880 அக்டோபரில் கும்பகோணம். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் 25 வயது உ.வே. சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரல்லவா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பட்டியல் நீள்கிறது. முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

இந்த நிகழ்ச்சியை ஐயரின் வாழ்க்கை திரும்பிய இடமாகச் சொல்வது வழக்கம். சரிதான். ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் முதலியார் பக்கம்தான் போகிறது. பகலெல்லாம் வழக்குக் கட்டுகளோடு மல்லாடுகிற மனிதர். அவரிடம் சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்று இருக்கிறது. படிக்கிறார், பொருள் முழுதாகப் பிடிபடவில்லை. இருந்தும் அதை அவரால் விட முடியவில்லை. சேர்ந்து படிக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று அந்த ஆள் எதிரே வந்து உட்கார்ந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பிரதியைக் கொடுத்தார், எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார். ஐயர் தட்டுத் தடுமாறி, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டு, இன்னும் பிரதிகளைத் தேடி, 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பின்னாலேயே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஒரு வாசகர் தன் பசியை ஒளிக்காமல் சொன்னதால் நமக்குக் கிடைத்தவற்றில் இவையும் சேர்த்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொருவரும் நீதிமன்றத்து மனிதர்தான். யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற ஊழியராக இருந்த க.மு. செல்லப்பா, 1933-இல் தன் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து ஊராருக்குப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். மற்றவர்களும் கைகொடுக்க, அடுத்த ஆண்டே அது வாடகை அறையில் ஒரு நூலகமாயிற்று. பின்னாளில் யாழ்ப்பாணப் பொது நூலகமாக எழுந்து நின்றது அதுதான். 1981-இல் அது கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்துபோயின. எரிந்ததை நாம் மறக்கக் கூடாது. அதோடு, ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து 'வந்து எடுத்துப் போங்கள்' என்று சொன்னதில்தான் அதன் தொடக்கம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது என்பது என் ஆசை.

படிப்பவர்கள் எல்லோரும் என்னை ஈர்த்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாய் திறந்தால் ஆசிரியர் பெயர்களை அடுக்குகிறவர்கள், இந்த வருடம் இத்தனை முடித்தேன் என்று கணக்குக் காட்டுகிறவர்கள் பக்கத்தில் எனக்குப் பேச்சு வராது. அவர்கள் படித்ததில் எதிரே இருப்பவருக்கு இடமே இல்லை. இரவல் கொடுக்க மறுப்பவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்து இழந்த வலி அவர்களுக்கு இருக்கும். புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் முதற்பதிப்புகள் ஏராளம். கணவனும் மனைவியும் ஆசிரியச் சம்பளத்திலிருந்து சேர்த்தவை. வாங்கும்போது ஒருவரை ஒருவர் தடுக்காத தாம்பத்தியம் எவ்வளவு அபூர்வம் என்று புத்தகம் வாங்குகிற குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். தேடி வரும் ஆய்வாளர்களுக்கெல்லாம் அந்த நூலகம் திறந்திருக்கிறது. அத்தகைய நூல்கள் இருந்த இடத்தில் இருந்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

என் நண்பர் ஒருவர் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார். தன் பிரதியை யாருக்கும் தர மாட்டார். அதற்குப் பதிலாக, திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையின் பழைய புத்தகக் கடைகளில், தான் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் நூல்களையே மறுபடி மறுபடி வாங்குவார். அவருடைய தோள்பையில் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். ஒவ்வொன்றும் யாருக்கு என்று அவருக்குத் தெரியும். போன மாதம் அந்தச் சாலையில் நின்றபடியே கூப்பிட்டார். வண்டிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பெ.நா. அப்புசாமியின் அறிவியல் புத்தகம் ஒன்று, அட்டை போயிருக்கிறதாம், உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறதாம்.

"எனக்கா?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்க மாடி வீட்டுல ஒரு பையன், ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில நட்சத்திரம் பாத்துட்டிருக்கான்னு சொன்னீங்களே, அவனுக்கு."

எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது, எனக்கே மறந்துவிட்டது. அந்தப் பையனை அவர் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். பையன் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வரவும் சொன்னார், அடுத்த புத்தகத்துக்காக.