ரெண்டு கண், ரெண்டு நிறம்

பீச்சில் கிளம்புற கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்ணாரப்பேட்டையைத் தாண்டும்போது யாரும் ஜன்னல் பக்கம் திரும்புறதில்லை. சிப்காட் ஷிப்டுக்குப் போறவங்களுக்குத் தூக்கம்தான் முக்கியம்.

அந்தப் பக்கம்தான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அங்கே எம்.பி.பி.எஸ். படிச்ச நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்வுக் கட்டுரை 1972-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

வயசு 20!

கட்டுரையில் இருந்த சோதனை இதுதான்: ஒவ்வொரு கண்ணுக்கும் வேற வேற நிற வடிகட்டி. நிறத்துல ரெண்டு கண்ணும் முட்டிக்குது. ஆனாலும் புள்ளிப் படத்துல ஆழம் தெரியுது. ரெண்டே பக்கத்தில் இதைச் சொல்லிட்டாங்க, அவரும் இன்னொருவரும்.

90-களில் ராமச்சந்திரன் முகம் பார்க்கிற கண்ணாடியை வச்சு ஒரு பெட்டி செஞ்சாரு. கையை இழந்தவர் அதில் மிச்சக் கையை அசைச்சு அதன் பிம்பத்தைப் பார்த்தா, இல்லாத கையும் அசையுறதா மூளை நம்பிடும். சிலருக்கு அந்த இல்லாத கையில் தெரிஞ்ச வலியும் குறைஞ்சது. (மெஷினில் விரலை விட்டவர் இந்த ரயில் பெட்டியிலேயே இருக்கலாம்.)

இதைத் தட்டிக்கிட்டிருக்கிற ஆசாமி 20 வயசில் செஞ்ச ஒரே ஆய்வு, டிக்கெட் பரிசோதகர் எந்தப் பெட்டியில் ஏறமாட்டார் என்பது. அதுவும் தோல்வி.

சரி, திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரியில் இன்னைக்கு ஒரு பிள்ளை ரெண்டு கலர்த்தாளோட வந்து நின்னா, எத்தனை மார்க் போடுவாங்க?