டாக்டருக்கு எப்படிக் காசு கொடுப்பது?

பள்ளியில் பிரெஞ்சு பாடத்தில் ‘க்னோக்’ என்ற நாடகம் படித்தோம். ழூல் ரொமேன் எழுதி 1923-இல் பாரீசில் மேடையேறியது. ஒரு மலைப்பக்கத்து ஊருக்குப் புதிதாக வரும் டாக்டர் க்னோக், முதலில் தண்டோராக்காரனை விட்டு இலவச வைத்தியம் என்று அறிவிக்கிறார். மூன்று மாதத்தில் நன்றாக இருந்த ஊரே படுக்கையில் விழுந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு வருமானமோ அதற்கேற்ற வைத்தியம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

சில வருடங்களுக்கு முன் அந்தச் சிரிப்பு நின்றது. என் மனைவிக்கு முட்டிவலி. ஒரு தனியார் மருத்துவமனையில் படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே, "இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம், இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள்" என்றார்கள். நடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற டாக்டரிடம் காட்டினோம். எடையைக் குறைக்கச் சொல்லி, தொடைக்கு நாலு பயிற்சி கற்றுக்கொடுத்தார். இன்றும் காலையில் கடற்கரைச் சாலையில் எனக்கு முன்னால் நடக்கிறாள்.

அப்படியானால் மாதச் சம்பளக்காரர்தான் நல்லவர் என்று முடித்துவிடலாமா? என் அண்ணன் பத்து வருடம் சர்க்கரைக்கு இலவச மருத்துவமனைக்குப் போய்வந்தார். நீண்ட வரிசை, இரண்டு நிமிடம், அதே மாத்திரை. ஒருநாளும் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தவர் இல்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு இடத்தில் வேலை செய்தால் காசு. அதனால் தேவையில்லாத வேலை. இன்னொரு இடத்தில் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே சம்பளம். அதனால் தேவையான வேலையும் இல்லை. டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. காசு வரும் வழி மனிதனை அந்தப் பக்கம் மெல்ல இழுக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் குடும்ப டாக்டருக்கு, அவரிடம் பதிவு செய்தவர்களின் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆள் நலமாக இருந்தால் டாக்டருக்கும் வேலை மிச்சம். ஆனால் தலைகளைச் சேர்த்துக்கொண்டு, பார்க்கும் நேரத்தைக் குறைக்கலாமே?

பிரான்சில் வெகுகாலம் ஒவ்வொரு முறை பார்ப்பதற்கும் கட்டணம் என்பதுதான் வழக்கம். 2004 சட்டப்படி ஆளுக்கொரு குடும்ப டாக்டர் என்று வந்தது. 2011 ஒப்பந்தத்தில் ஒரு புதுமை செய்தார்கள். சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்த்தாரா, முதியவர்களுக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டாரா என்று கணக்கிட்டுப் புள்ளி. 800 நோயாளிகள் உள்ள டாக்டருக்கு அதிகபட்சம் 1,300 புள்ளி, புள்ளிக்கு 7 யூரோ, ஆக வருடத்துக்கு 9,100 யூரோ. கட்டணத்துக்கு மேல் இது தனி.

யோசனை நல்லதுதான். ஆனால் குமாஸ்தாவாக இருந்த எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் மாதம் இத்தனை கோப்பு முடிக்க வேண்டும் என்று ஒருமுறை உத்தரவு வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? சுலபமான கோப்புகளை முதலில் முடித்தோம். ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு, சிக்கலானது என்பதால், அடியிலேயே கிடந்தது. கணக்கில் எங்கள் பிரிவுதான் முதலிடம். அந்த அம்மா வாசலில் நின்ற முகம் இன்னும் மறக்கவில்லை. எண்ணப்படுவது நடக்கும், எண்ண முடியாதது அடியில் கிடக்கும். நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதற்கு எத்தனை புள்ளி போடுவது?

எனக்குத் தோன்றுவது இதுதான். டாக்டர் கவலையில்லாமல் வாழ நிலையான சம்பளம் பெரும்பங்கு. தலைக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு. புள்ளிக்குச் சிறுபங்கு மட்டும். கத்தி வைக்கச் சொல்பவரும் கத்தி வைப்பதால் சம்பாதிப்பவரும் ஒருவராக இருந்தால், இரண்டாவது டாக்டரிடம் கேட்கும் செலவைக் காப்பீடே ஏற்க வேண்டும்.

நாடகத்தின் கடைசியில், பழைய டாக்டர் பாக்கிப் பணம் வாங்க ஊருக்குத் திரும்பி வருகிறார். க்னோக் அவரை ஒரு பார்வை பார்க்கிறார். அவருக்கே தனக்கு உடம்பு சரியில்லையோ என்ற பயம் வந்துவிடுகிறது! டாக்டரே தப்பவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்? அடுத்த முறை யாராவது "இந்த வாரமே" என்றால், ஒரு வாரம் கேளுங்கள். உயிர் போகும் அவசரம் என்றால் அதை அவரே சொல்லிவிடுவார்.